மண்டபத்து மஞ்சள் வெளிச்சம்

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தென்மராட்சியில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். மீதிப் பேர் கடைசியாக அவர் தங்களை எப்போது படமெடுத்தார் என்று யோசிக்கத் தொடங்குவார்கள். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பருத்தித்துறைப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். நெற்றியில் ஒன்றும் இல்லாமல், பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்கூட்டியில் வந்து கல்யாண வீடுகளில் படம் எடுப்பார். இப்போது தங்கையோடு அவுஸ்திரேலியாவில் இருக்கிறாராம். அங்கே யாரை எடுக்கிறாரோ தெரியாது.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை. யாராவது இறந்தால் சந்தியில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி பனர், பேப்பரிலும் இணையத்திலும் வருகிற மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம், அதாவது நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது, எல்லாவற்றையும் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பேன். ஊரில் என்னைச் 'செத்தவீட்டுப் பொடியன்' என்பார்கள். நாற்பது வயதாகியும் பொடியன்தான்.

இந்தத் தொழிலில் பெரிய தொல்லை படம். மனிதர் எழுபது எண்பது வருஷம் வாழ்ந்திருப்பார், தனியாக நின்று எடுத்த படம் ஒன்று இருக்காது. கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தைக் கொண்டுவந்து தந்து, "உதிலை ரெண்டாவது வரிசையிலை நிக்கிறார், வெட்டி எடுங்கோ" என்பார்கள். வெட்டினால் தோளில் வேறு யாருடையதோ கை இருக்கும். அந்தக் கையை அழித்து, இல்லாத தோளை நான் உண்டாக்க வேண்டும். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பொலிஸ் தேடுகிற ஆளைப் போலப் பனர் அடித்துக் கொடுத்த நாட்களும் உண்டு. அக்கா பழக்கமான பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

அக்காவிடம் இருந்தது மிரர்லெஸ் என்கிற சின்னக் கமரா. அதற்கு ஒரே ஒரு லென்ஸ், எண்பத்தைந்து மில்லிமீட்டர், யோகட் கப் அளவு. குழந்தைப்பிள்ளையின் நீலக் காலுறை ஒன்றுக்குள் போட்டுக் கைப்பையில் வைத்திருப்பார். அதில் சூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் அவர்தான் கிட்டப் போக வேண்டும். அதில் எடுத்தால் ஒரு முகம் மட்டும் துல்லியமாக வரும். பின்னால் இருக்கும் மணவறை, தோரணம், ஐஸ்கிரீமுக்கு முண்டியடிக்கிற கூட்டம் எல்லாம் கரைந்துபோகும். யாரையும் வெட்டி எடுக்கத் தேவையில்லை. தோளில் யாருடைய கையும் இருக்காது.

மேடையை எடுக்க வேறு இரண்டு பேர் வருவார்கள். அக்காவுக்கு முகங்கள் எடுக்கிற வேலை. மணப்பெண்ணை எடுத்து முடிந்ததும் கூட்டத்துக்குள் இறங்குவார். ஓரமாக நடந்துகொண்டே போய் யாராவது ஒருவருக்கு முன்னால் நின்றுவிடுவார். "ஒருக்கா இஞ்சாலை பாருங்கோ" என்பார். கமராவின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்ததால் எடுத்தாரா இல்லையா என்றே எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. "எடுத்தாச்சோ?" என்று கேட்பார்கள். "ஓம், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி அந்த ஆளின் கையை ஒருதரம் தொடுவார். முதலில் அதை நான் மரியாதை என்று நினைத்தேன்.

ஒருமுறை என்னையும் அந்தக் கமராவுக்குள் பார்க்கவிட்டார். யாருடைய முகத்துக்கு நேரே பிடித்தாலும் ஒரு சின்னப் பச்சைப் பெட்டி தானாகப் போய் அந்த ஆளின் கண்ணில் நின்றது. அவர் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பியது. பொத்தானை அமத்தினால் அந்தக் கண் திரை முழுக்கப் பெரிதாகி வந்தது. வெள்ளையில் ஓடுகிற நரம்பு வரை தெரிந்தது.

"நாள் முழுக்க உதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறனான்" என்றார் அக்கா. "நீங்கள் முகம் எண்டுறியள். எனக்குக் கண்தான் தெரியும்."

அக்கா எனக்கு முதலில் உதவியது கொடிகாமத்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் விஷயத்தில். மகன் வழக்கம்போலக் கூட்டப் படத்தோடு வந்து நின்றார். அந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அக்கா போனது ஞாபகம் வர, போன் எடுத்தேன். ஆளைச் சொல்லி முடிக்க முதலே, "இருக்கு. அனுப்புறன்" என்றார். இரண்டு நிமிடத்தில் வந்தது. மனிதர் பாதிச் சிரிப்போடு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் என் கணினித் திரையைத் தொட்டுத் தொட்டு அழுதார். "அப்பா இப்பிடித்தான் பாப்பார், இப்பிடியேதான்" என்றார். எனக்கும் கண் கலங்கியது.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. செத்தவீட்டுச் செய்தி வந்தால் முதல் வேலையாக அக்காவுக்குப் போன். "பாத்துச் சொல்லுறன்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "இருக்கு" என்பார். "இல்லை" என்று சொன்னது மிகக் குறைவு. ஏழெட்டு மாதம் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ஐந்நூறு பேர் வருகிற கல்யாணத்தில் அவர் இப்படித் தேடிப்போய் எடுப்பது நாலைந்து பேரைத்தான். அந்த நாலைந்து பேரும் என் கடைக்கே வந்து சேருகிறார்களே, எப்படி? கிழவர்கள் என்றால் வயதைப் பார்த்து எடுத்தார் என்று விடலாம். பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டம் பழக்கிய ஒருவர், நாற்பத்திரண்டு வயது, கதவு நிறைந்த உடம்பு. அவர் படமும் இருந்தது. வங்கியில் வேலை செய்த ஒரு பிள்ளை, முப்பதுகூட ஆகவில்லை. அவள் படமும் இருந்தது.

பயம் வந்தால் பகிடி விடுகிற ஆள் நான். அக்கா கடைக்கு வந்த ஒருநாள் கேட்டேன்.

"என்ரை படம் ஏதும் வைச்சிருக்கிறியளோ அக்கா?"

அவர் சிரிக்கவில்லை. என்னை ஒருதரம் வடிவாக உற்றுப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. உங்கடை இல்லை."

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு இறைச்சி வாங்கிக்கொண்டு போனேன். மனைவி என்ன விசேஷம் என்று கேட்டாள், நான் ஒன்றுமில்லை என்றேன்.

எங்களுக்குள் சண்டை வந்தால் அது கண்ணைப் பற்றித்தான். பனருக்குப் படம் போடும்போது நான் எல்லாவற்றையும் துப்புரவாக்குவேன். சுருக்கத்தைக் குறைப்பேன், பல்லைச் சரிக்கட்டுவேன், கடைசியில் கண்ணுக்கு வருவேன். கண் வெள்ளை வெளேரென்று இருந்தால் பனர் சந்தியில் எடுப்பாகத் தெரியும். திரையில் ஒரு கோட்டை இழுத்தால் மஞ்சள் போகும், இன்னொன்றை இழுத்தால் சிவப்பு போகும். அரை நிமிட வேலை. தான் எடுத்த படம் ஒன்றைச் சந்தியில் கண்டுவிட்டு அக்கா நேரே கடைக்கு வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.

"கண்ணிலை கை வைக்காதையுங்கோ எண்டு சொன்னனானெல்லே?"

"செத்தவரின்ரை கண் வெள்ளையா இருந்தா ஆருக்கு என்ன நட்டம் அக்கா? வீட்டுக்காரருக்கும் அதுதான் விருப்பம்."

"கன்னத்திலை செய்யுங்கோ. தலைமயிரைக் கறுப்பாக்குங்கோ. கண்ணை விடுங்கோ."

படம் எடுக்கிறவர்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு என் பாட்டுக்குச் செய்துகொண்டேயிருந்தேன்.

எனக்கு உறைத்தது ஊருக்கு உறைக்காமல் இருக்குமா? மீசாலையில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. அக்கா கைப்பையிலிருந்து அந்த நீலக் காலுறையை எடுத்ததும் முன்வரிசைக் கதிரைகள் மூன்று காலியானதை நானே கண்டேன். ஒரு மாமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார். இன்னொரு மாமி தன் புருஷனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்; மனிதர் வாயில் வடையோடு போனார். "உவ உந்தச் சின்ன லென்ஸை மாட்டினா ஆரோ போகப்போயினம்" என்று எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் மட்டும் வீம்புக்கு முன்னால் போய் நின்று, "என்னை எடுங்கோ பாப்பம்" என்றார். அக்கா அவரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தேவையில்லை ஐயா" என்று சொல்லி அப்பால் போனார். அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. காண்கிறவர்களிடமெல்லாம் அக்கா தன்னை எடுக்க மறுத்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அதே சடங்கில், பந்தியில் சோறு போட்டுக்கொண்டு நின்ற பிள்ளையின் மாமாவுக்கு முன்னால் அக்கா நின்றார். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். "ஒருக்கா இஞ்சாலை பாருங்கோ" என்ற அந்த மெல்லிய குரல் மட்டும்தான் கேட்டது. தை மாதம் அவருக்கு நான் பனர் அடித்தேன்.

ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஒரேயொரு நாள்தான் சொன்னார். மழைக்கு என் கடையில் ஒதுங்கியிருந்தார். நான்தான் கேட்டேன்.

"கண் மஞ்சளாகிறது, ஒரு இமை மற்றதைவிடத் தொங்கிறது, கழுத்திலை ஒரு பக்கம் ஊதிறது. வீட்டிலை இருக்கிறவைக்கு உதெல்லாம் தெரியாது தம்பி, ஒவ்வொரு நாளும் பாக்கிற முகம். எனக்குத் திரை முழுக்கத் தெரியுது."

"தெரிஞ்சா சொல்லலாம்தானே?"

"ஒருக்காச் சொன்னனான்."

சொன்னது ஒரு மணப்பெண்ணின் தாயிடம். தாலி கட்டுகிற நேரம் கிட்டியிருந்தது. அந்த அம்மாவை ஒரு படம் எடுத்துவிட்டு, காதுக்குள், "கழுத்திலை ஒரு கட்டி மாதிரிக் கிடக்கு அம்மா, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்றிருக்கிறார். பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா. பெண்ணின் பரம்பரையில் ஏதோ நோய் வருத்தம் இருக்கிறதாம் என்று மணவறைக்குப் பின்னால் குசுகுசுப்பு. கல்யாணம் நிற்கிற அளவுக்குப் போய், பெரியவர்கள் பேசித்தான் தாலி ஏறியது. பெண்ணின் மாமன்மார் அக்காவைக் கேற்றடி வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

"நல்ல காரியம் நடக்கிற வீட்டிலை வாயாலை நோயைக் கூப்பிட்டனானாம். ரெண்டு வருஷம் அந்தப் பக்கம் ஆரும் வேலை தரேல்லை."

"அந்த அம்மா இப்ப?"

"நீங்கள்தானே பனர் அடிச்சனீங்கள். இளநீலச் சேலை."

ஞாபகம் வந்தது. கழுத்து தடித்துத் தெரிகிறது என்று மகள் சொல்ல, நான்தான் அதை ஒடுக்கிக் கொடுத்தேன்.

"அதுக்குப் பிறகு சொல்லுறதில்லை" என்றார் அக்கா. "எடுத்து வைக்கிறன். கேட்டா குடுக்கிறன்."

அவர் செய்தது சரி என்று அன்று எனக்குப் பட்டது. பாவம், இந்த ஊரில் வேறு என்னதான் செய்வார் என்று நினைத்தேன். கோபம் பிறகுதான் வந்தது.

எனக்கு ஒரு அண்ணை இருந்தார். நீர்வேலியில் வாழைத்தோட்டம். அப்பா இல்லாத வீட்டில் என்னைக் கொழும்புக்கு அனுப்பி இந்தக் கணினி வேலையைப் படிப்பித்தவர் அவர்தான். நீர்வேலி ஒன்றும் தூரமில்லை, ஆனாலும் வருஷத்தில் நாலைந்து தரம்தான் கண்டுகொள்வோம். எங்கள் மாமா மகளின் கல்யாணம் கைதடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் கட்டுகிற குலைவாழை இரண்டையும் அண்ணை தன் தோட்டத்திலிருந்தே கொண்டுவந்தார். கட்டி முடித்துவிட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு, எல்லோரோடும் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவரை எடுத்ததை நான் காணவில்லை. நான் பந்தியில் நின்றேன்.

பின்னேரம் என் போனுக்கு அண்ணையின் படம் வந்தது. அக்காதான் அனுப்பியிருந்தார். ஒரு சொல் இல்லை, படம் மட்டும்.

பயந்துபோனேன். ஆனால் உடனேயே ஒரு சமாதானம் கிடைத்தது. போகப்போகிறவர்களின் படத்தை அக்கா எடுத்து வைத்திருப்பார், கேட்டால்தான் தருவார், தானாக ஒருவருக்கும் அனுப்பியதில்லை. இதை அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் இது அந்தப் படங்களில் சேர்த்தியில்லை, சும்மா ஒரு நல்ல படம். இந்த எண்ணம் எனக்கு நன்றாகப் பிடித்துப்போனது. கடைக்குப் போய்ப் பெரிதாக்கிப் பார்த்து ரசித்தேன். கண்ணில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. மண்டபம் முழுக்க மஞ்சள் பல்ப் மாலைகள் தொங்கின, அந்த வெளிச்சம் என்று நினைத்தேன். அதே வெளிச்சத்தில் அண்ணையின் வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. அதைக் கண்டேன். கண்டும் யோசிக்கவில்லை. கோட்டை இழுத்தேன், மஞ்சள் போனது.

"அண்ணை, மாப்பிள்ளையைவிட நீங்கள்தான் வடிவு" என்று எழுதித் திருத்திய படத்தை அவருக்கு அனுப்பினேன். அவர் அதையே வாட்ஸப்பில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டு போன் எடுத்தார். "டேய், உது நானோடா? தோட்டக்காரன் மாதிரியே இல்லை" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணி போன் எடுத்தார். அண்ணைக்கு உடம்பெல்லாம் கடித்து அரிக்கிறதாம், சாப்பாடு இறங்குதில்லையாம், சலம் தேத்தண்ணி நிறத்தில் போகிறதாம். பெரியாஸ்பத்திரிக்கு நானும் போனேன். இளம் பெண் டொக்டர் ஒருவர் அண்ணையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"கண் மஞ்சளாகி எவ்வளவு காலம்?"

"நான் ஒரு கிழமையாத்தான் கண்டனான்" என்றார் அண்ணி.

"முந்தி எடுத்த படம் ஏதும் இருக்கோ?"

அண்ணி போனில் அந்த முகப்புப் படத்தை எடுத்துக் கொடுத்தார். "இது ரெண்டு மாசத்துக்கு முந்தி, கலியாணத்திலை." டொக்டர் விரலால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதிலை ஒண்டும் இல்லை. அப்ப உதுக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கு" என்று எழுதிக்கொண்டார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். சொல்லியிருக்கலாம், ஒரு வசனம்தான். அண்ணை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், பயப்படாதே என்பதுபோல. நான் சொல்லவில்லை.

பித்தம் போகிற குழாயில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். கொஞ்சம் முந்திக் கண்டிருந்தால் வெட்டிப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஏழு கிழமையில் அண்ணை போய்விட்டார். செத்தவீட்டில் அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "முந்தியே கண் மஞ்சளா இருந்து நான் கவனிக்காமல் விட்டிட்டனோ தம்பி?" என்று கேட்டார். நான் என் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். "இல்லை அண்ணி, பாருங்கோ, அப்ப ஒண்டுமில்லை" என்றேன். அவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நான் கண்டேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நின்றபடியே கத்தினேன்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன? என்னட்டையுமோ உங்கடை வாய் மூடிக்கொள்ளிறது?"

"அனுப்பினனான்தானே தம்பி."

"படத்தைத்தானே அனுப்பினீங்கள்!"

"நான் ஆருக்கும் அப்பிடி அனுப்பினதில்லை. நீங்கள் நாள் முழுக்கக் கண்ணிலை வேலை செய்யிற ஆள், உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன். வேட்டி வெள்ளையாத்தானே கிடந்தது." பிறகு, "நீங்கள் கண்டனீங்கள்தானே?" என்று கேட்டார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அறியத்தான் கேட்டார்.

மோட்டார்சைக்கிளை எடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு அவர்மீது பயம். நான் செய்தது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று நீர்வேலி வீட்டில் சாப்பாடு முடிந்து சனம் கலையும் நேரம் அக்கா வந்தார். கையில் கடதாசியில் சுற்றிய பெரிய படம். அண்ணிதான் கேட்டிருந்தாராம், அண்ணை சிரித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படம் பெரிதாக வேண்டுமென்று. அண்ணி நிலத்தில் இருந்தபடியே கடதாசியைப் பிரித்தார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் மாலை போட்டு நான் மாட்டியிருந்த, கண் வெளுத்த அதே படத்தை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் மடியில் இருந்ததைப் பார்த்தார்.

"தம்பி, உதிலை ஏன் இவருக்குக் கண் மஞ்சளாக் கிடக்கு?"

"மண்டபத்து லைற் அண்ணி" என்றேன். "மஞ்சள் பல்ப் போட்டிருந்தவை."

அண்ணி அக்காவிடம் திரும்பினார். "அப்பிடியோ?"

அக்கா தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, நான் வாய் திறப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் யாரோ கிடாரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஓம்" என்றார் அக்கா. "லைற்தான்."

அண்ணி பெரிதாக மூச்சு விட்டார். படத்தைத் திரும்பவும் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார்.

"அப்ப உதைக் கொஞ்சம் சரியாக்கித் தாங்கோ தம்பி. கண் வெள்ளையா இருந்தாத்தான் இவருக்கு வடிவு."

அக்கா எழும்பிப் படியால் இறங்கி வெளியே போனார். ஸ்கூட்டி உடனே ஸ்டார்ட் வரவில்லை, இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்தார். அது ஒழுங்கையால் போய்ச் சத்தம் அடங்கும்வரை நான் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குத் தாறன் அண்ணி" என்றேன்.